இரட்டைக்கல் பெரட்டு

காலை ஆறரைக்கு விசில் கேட்டால் எங்கள் ஊரில் யாரும் பதறமாட்டார்கள், எரிச்சல்படுவார்கள். எல்லாரையும்விட எனக்கு எரிச்சல் ஜாஸ்தி. குழாயடிக்கு நேர் எதிரே என் வீடு, சிலோன்காரர் என்று நாங்கள் சொல்லும் பெரியவர் குழாயடியில் நின்றுதான் ஊதுவார். முந்தின நாள் கூடலூருக்கு இரண்டு நடை ஜீப் ஓட்டிவிட்டு வந்து படுத்தவன் காதில் அந்த விசில் விழுந்தால் எப்படி இருக்கும் என்று ஓட்டுகிறவனுக்குத்தான் தெரியும்.

விசிலுக்குப் பிறகு பேர் கூப்பிடுவார். கையில் நோட்டு கிடையாது, எல்லாம் மனப்பாடம். மேட்டு வீட்டில் ஆரம்பித்து ஓடைக்கரை வீடு வரைக்கும் ஒவ்வொரு பேராக வரும். கூப்பிட்ட ஆள் "இருக்கேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். கைக்குழந்தைகளுக்கு மட்டும் சலுகை உண்டு, அழுதால் போதும். அழாத குழந்தையை அதன் அம்மா லேசாகக் கிள்ளிவிடுவாள்.

இதற்குப் பெயர் பெரட்டு. தேயிலை எஸ்டேட்டில் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் முன் ஆட்களை ஒரு களத்தில் நிறுத்திப் பேர் கூப்பிடுவார்கள், அதுதான். ஆனால் எங்கள் ஊர் எஸ்டேட் இல்லை. அவர் எங்களுக்குக் கங்காணியும் இல்லை, கணக்கப்பிள்ளையும் இல்லை. கூப்பிட்டு முடித்ததும் யாருக்கும் எந்த வேலையும் கொடுக்கமாட்டார். விசிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தன் இஞ்சித் தோட்டத்துக்குப் போய்விடுவார். கொடுக்க வேலை இல்லாதவர் எதற்கு ஆள் எண்ணுகிறார் என்று நான் வந்த புதிதில் கேட்டேன். "எண்ணி வைக்கலன்னா கொறஞ்சது தெரியாது தம்பி" என்றார்.

ஊரின் சரித்திரத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பெரிதாக ஒன்றும் இல்லை. ஓடைக்கு இந்தப்பக்கம் தமிழ்நாடு, அந்தப்பக்கம் கேரளா. சிலோன் தோட்டங்களிலிருந்து கப்பலில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் கொஞ்சம் பேர், இங்கே வந்து வேலை பார்த்த எஸ்டேட்டையும் மூடிவிட்டதால், ஓடைக்கு இந்தப்பக்கம் வந்து குடிசை போட்டார்கள். ஒரு மழைக்காலத்தில் மலை சரிந்து ஓடை தடம் மாறியது. ஊர் இப்போது பழைய ஓடைக்கும் புது ஓடைக்கும் நடுவில். இந்தப்பக்கத்துக்காரர்கள் புது ஓடையில் ஒரு கல் நட்டார்கள். அந்தப்பக்கத்துக்காரர்கள் பழைய ஓடையில் ஒரு கல் நட்டார்கள். கல்லை வைத்துப் பார்த்தால் ஊர் இரண்டு பேருக்கும் வேண்டாம். ரோடு கேட்டால் இரண்டு பேரும் எதிர்ப்பக்கம் கை காட்டுவார்கள். விறகு பொறுக்கினால் இரண்டு பேரும் வந்து பிடிப்பார்கள். இரண்டு கல்லுக்கும் நடுவில் இருந்ததால் ஊருக்கு இரட்டைக்கல் என்று பெயர் வந்தது. அந்தப் பெயர் எந்த வரைபடத்திலும் கிடையாது. எங்கள் கார்டுகளில் எல்லாம் மூடிப்போன எஸ்டேட்டின் லயத்து முகவரிதான், அதாவது கூலியாட்களின் வரிசைவீட்டு முகவரிதான், இருக்கும்.

நான் கோபிப் பக்கத்து ஆள். ஜீப் ஓட்ட மலையேறி வந்து, இந்த ஊர்ப் பெண்ணைக் கட்டி, இங்கேயே தங்கிவிட்டேன். கல்யாணத்தன்று பந்தியில் இலை போட்டாயிற்று, சோறு வருகிறது. மனிதர் விசிலை எடுத்துவிட்டார். ஊர்ப் பேர் முழுக்கக் கூப்பிட்டு முடித்து, கடைசியாக என் பேரையும் கூப்பிட்டார். எங்கள் தாய்மாமா என் காதில், "ஏனுங் மாப்ள, இவுரு ஆருங்க, போலீசுங்களா?" என்று கேட்டார். நான் "இருக்கேனுங்க" என்று கத்தினேன். அதன் பிறகுதான் சாம்பார் வந்தது.

அவரிடம் இன்னொரு பழக்கம் உண்டு. மாதம் பிறந்தால் ஒரு கவர் என்னிடம் தருவார். ஒட்டி, தபால்தலை வைத்து, மேலே முகவரி எழுதியிருக்கும்: ஊர்ப் பொதுமக்கள், இரட்டைக்கல், நீலகிரி மாவட்டம். அனுப்புநர் இடம் காலி. அதை நான் எங்கள் பக்கத்துக் கடைவீதித் தபால்பெட்டியில் போட வேண்டும். நாலைந்து நாளில் தபால்காரர் அதைக் கொண்டுவந்து அவர் கையிலேயே கொடுப்பார், பொதுமக்கள் என்று வேறு யாரும் முன்வராததால். அவர் அதைப் பிரிக்காமல் மாரியம்மன் கோயிலில் இருக்கும் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்.

"என்னங்ணா எழுதுறீங்க உள்ள?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அது பொதுமக்களுக்கு எழுதுனது. ஒனக்கு எதுக்கு?"

"நானும் பொதுமக்கள்தானுங்க."

"அப்ப எல்லாரும் சேந்து பிரிக்கிறப்ப தெரிஞ்சுக்க. முத்திரை குத்துன கடுதாசியைப் பிரிச்சா அதுக்கு மதிப்பு இல்ல தம்பி."

உள்ளே வெள்ளைத்தாள்தான் இருக்கும் என்று ஜீப்பில் போகிறவர்கள் எல்லாம் பேசிக்கொள்வோம். சிலோன்காரருக்குக் கொஞ்சம் மரை கழன்றுவிட்டது என்பது என் அபிப்பிராயம். அதை ரொம்ப நாள் வைத்திருந்தேன்.

அது மாறியது என் மனைவியால். ஒருநாள் காலை பெரட்டில் அவள் பேர் வந்தபோது பதில் இல்லை. நான் போர்வைக்குள் இருந்தபடியே, "இருக்காளுங்க, இருக்காளுங்க, அடுத்த பேரைக் கூப்புடுங்க" என்று கத்தினேன். விசில் மறுபடி ஊதியது. இந்த முறை என் வாசலில்.

"ஆளுக்காக ஆள் சொல்லக்கூடாது" என்றார். "அந்தப் புள்ளைய வரச்சொல்லு."

"அடுப்படியில இருப்பாளுங்க."

"பாத்தியா?"

பார்க்கவில்லை. அடுப்படியில் அவள் இல்லை. விறகுக்கு ஓடைப்பக்கம் இறங்கியவள், பாசிப்பாறையில் வழுக்கி விழுந்து, கணுக்கால் திரும்பி, இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு வேரைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். தண்ணீர் சத்தத்தில் அவள் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. ஊரே இறங்கித் தூக்கி வந்தோம். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் கை விட்டிருக்கும் என்று அவளே சொன்னாள். நான் அடுத்த நாளிலிருந்து முதல் விசிலுக்கே எழ ஆரம்பித்தேன். நன்றி என்று அவரிடம் போய்ச் சொன்னபோது, "பெரட்டுல கொறஞ்சுது, தேடுனோம்" என்றார். அதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை என்பதுபோல இஞ்சிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார்.

அந்த விதி எங்கிருந்து வந்தது என்று ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார், அதுவும் ஜீப் பஞ்சராகி நின்ற ஒரு மத்தியானம். சிலோனில் அவர் இருந்த தோட்டத்துக்கு, யார் இந்தியா போகிறார்கள், யார் அங்கேயே இருக்கிறார்கள் என்று எழுத ஆள் வந்ததாம். பெரட்டுக்களத்தில் நிறுத்திப் பேர் கூப்பிட்டார்களாம்.

"எங்க அக்கா ராமாயி கொழுந்து பறிக்கப் போயிருந்துச்சு. பேர் கூப்பிட்டாங்க. ஆள் இல்லன்னா விட்டுருவாங்களேன்னு நான், இருக்காங்கன்னு சொன்னேன். எங்க பேரோட பேரா இந்தியா லிஸ்ட்டுல விழுந்துருச்சு. அத்தானுக்குச் சிலோன் லிஸ்ட்டு. மாத்தித் தாங்கன்னு எத்தனையோ தடவ கேட்டோம். மாத்தல."

"அப்பறங்க?"

"அப்பறம் என்னா? அது எங்களோட கப்பல் ஏறிச்சு. அத்தான் ஏறல."

ஸ்டெப்னி மாட்டியாகிவிட்டது. அவர் ஜாக்கியை எடுத்து வண்டியில் வைத்தார். ராமாயி எங்கள் ஊரில்தான் கடைசிவரை இருந்தது. நானும் பார்த்திருக்கிறேன், யாரோடும் அதிகம் பேசாது. தினமும் பெரட்டில் தம்பி தன் பேரைக் கூப்பிடும்போது மட்டும் கணீரென்று "இருக்கேன்" என்று சொல்லும்.

இதற்கிடையில் யானை வந்தது. எங்கள் ஊருக்கு யானை வருவது செய்தி இல்லை, ஆனால் அன்றைக்கு அவர் வீட்டுக்குத்தான் வந்தது. சுவரைத் தள்ளி அரிசியைத் தின்றுவிட்டு, அவருடைய பெட்டியை மிதித்துவிட்டுப் போனது. பெட்டியில்தான் கப்பலில் கொண்டுவந்த குடும்ப அட்டை, வந்த நாளிலிருந்து சேர்த்த காகிதங்கள் எல்லாம் இருந்தன. மூன்று நாள் மழை. காகிதங்கள் கூழாகிவிட்டன. கோயில் தகரப் பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை.

"உங்க காயிதத்தையும் கோயில்லயே வெச்சிருக்கலாமல்லங்ணா" என்றேன்.

"அது ஊர் பெட்டி. அதுல எப்படி என் சாமானை வைக்கிறது?" என்று என்னைத் திருடனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

பிறகு விசாரணை வந்தது. இரண்டு பக்கத்து அதிகாரிகளும் உட்கார்ந்து பேசி, ஊர் இருக்கும் இடம் இந்தப்பக்கம்தான், ஆனால் அது காட்டு நிலம் என்று முடிவு செய்துவிட்டார்கள். ஒரு தேதியைச் சொன்னார்கள். அந்தத் தேதிக்கு முன்பிருந்தே இரட்டைக்கல்லில் குடியிருந்ததற்குக் காகிதம் காட்டினால் இருக்கலாம். காட்டாதவர்கள் வீட்டைப் பிரித்து எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும். எங்களிடம் இருந்த காகிதம் எல்லாவற்றிலும் லயத்து முகவரி. இரட்டைக்கல் என்று எழுதிய காகிதம் ஊரிலேயே ஒரு பெட்டிதான் இருந்தது.

கடைவீதிப் பள்ளிக்கூடத்தில் விசாரணை. என் ஜீப்பில்தான் பெட்டி போனது. அதை அவர் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். வழியெல்லாம் நான் அந்தப் பெட்டியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். அதற்குக் காரணம் எனக்கு மட்டும்தான் தெரியும்.

விசாரித்தது ஓர் இளவயது அதிகாரி அம்மா. தூங்கிப் பல நாள் ஆனவர்போல இருந்தார். தேதிக்கு முந்தின கவர்களாகப் பொறுக்கி எடுத்து, ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஐயா, முத்திரை எல்லாம் கேரளாவுல குத்தியிருக்கே? நீங்க இந்தப்பக்கம் இருந்தீங்கன்னு காட்டுறதுக்கு இதைக் கொண்டு வந்திருக்கீங்க."

அவர் கவரை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எழுந்து நின்றேன். "மேடம், போட்டது நானுங்க. பாலத்துக்கு அந்தப்பக்கம் ஒரு சேட்டன் கடையிருக்குதுங்க. பழம்பொரின்னு வாழப்பழ பஜ்ஜி நல்லாருக்கும். தெனமும் அங்க நிறுத்துவனுங்க. கடைத் தூண்லயே தபால்பெட்டி தொங்கும். எந்தப் பொட்டியில போட்டாலும் போய்ச் சேரப்போவுதுன்னு போட்டுட்டனுங்க."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையுமேதானுங்க."

ஊரே என்னைத் திரும்பிப் பார்த்தது. என் மனைவியும் பார்த்தாள். பழம்பொரியால் ஒரு ஊர் அழிந்தது என்று எங்காவது கேள்விப்பட்டதுண்டா? என்னால் அழியப்போகிறது. அந்த அம்மா சிரிக்கவில்லை. நான் சொன்னதைப் பழம்பொரி உட்பட எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டார். பிறகு, "உள்ள என்ன இருக்கு?" என்று கேட்டார்.

"பொதுமக்கள் எல்லாம் வந்திருக்காங்க. பிரிக்கலாம்ங்க" என்றார் அவர்.

பழைய கவர் ஒன்றைப் பிரித்தார்கள். வெள்ளைத்தாள் இல்லை. தாள் முழுக்கப் பேர்கள். அந்த மாதம் முதல் தேதி பெரட்டில் யார் யார் இருந்தார்களோ அவர்கள் பேர், வீட்டு வரிசைப்படி. கீழே இரண்டு மூன்று வரிகள்: மேட்டு வீட்டில் பெண் குழந்தை. ஓடைக்கரை வீட்டில் கூரை போனது, எல்லாரும் சேர்ந்து மாற்றினோம். அவ்வளவுதான். இன்னொன்றைப் பிரித்தார்கள், அதிலும் அப்படியே.

அந்த அம்மா சும்மா ஒரு பேரை வாசித்தார். "மாரிமுத்து?"

பின்னால் பெஞ்சிலிருந்து மாரிமுத்து, பழக்கத்தில், "இருக்கேன்" என்றான்.

அந்த அம்மா தலையை நிமிர்த்தினார். அடுத்த பேரை வாசித்தார். "செல்லம்மா?"

"இருக்கேன்."

அதற்குப் பிறகு யாராலும் நிறுத்த முடியவில்லை. பேர் வர வர ஒவ்வொரு மூலையிலிருந்தும் பதில் வந்தது. மேட்டு வீட்டுக் குழந்தைக்கு இப்போது தாவணி வயது தாண்டிவிட்டது, அதுவும் எழுந்து சொன்னது. என் பேர் வந்தது. நானும் சொன்னேன்.

"ராமாயி?"

எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அது போயிருச்சுங்க" என்றார் அவர். "அடுத்த பேரு வாசிங்க."

முத்திரை எந்தப் பக்கத்ததாக இருந்தாலும் தேதி தேதிதான் என்றும், ஜீப் டிரைவரின் வாக்குமூலம் நம்பும்படி இருக்கிறது என்றும் அந்த அம்மா எழுதினார். தாளில் பேர் உள்ளவர்கள் இருக்கலாம். ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்துக்கொண்டு அழுதார்கள். எனக்குப் பழம்பொரி வாங்கித் தருவதாக நாலு பேர் சொன்னார்கள்.

எல்லாம் எழுதி முடித்து அவரைப் பார்த்தார் அந்த அம்மா. "உங்க பேரு எதுல இருக்குங்க ஐயா?"

அவர் பேர் எதிலும் இல்லை. அத்தனை கவர்களையும் பிரித்துப் பார்த்துவிட்டோம்.

"பெரட்டு எடுக்குறவன் தன் பேரை எழுதக்கூடாதுங்க" என்று அவர் விளக்கினார். "இல்லாத ஆளை இருக்குன்னு எழுதுற கள்ளப் பேர் மாதிரி ஆயிரும். தோட்டத்துல அப்படி எழுதுன கணக்கப்பிள்ளைங்களை எல்லாம் பாத்திருக்கேன்."

"எழுதுனது நீங்கதான்னாவது எங்கயாச்சும் எழுதியிருக்கீங்களா?"

"அதை எதுக்குங்க எழுதணும்? எல்லாருக்கும் தெரியுமே."

அந்த அம்மா பேனாவை மூடினார். அப்போது மாரிமுத்து கத்தினான், "இருக்காருங்க மேடம்!" செல்லம்மா கத்தினாள். நான் கத்தினேன். பள்ளிக்கூடமே இரைந்தது, இருக்காருங்க, எங்களோடதான் இருக்காருங்க, எங்களுக்கு முன்னாலயே இருக்காருங்க என்று.

அவர் விசிலை எடுத்து ஊதினார். சத்தம் அடங்கியது.

"ஆளுக்காக ஆள் சொல்லக்கூடாது" என்றார். கோபமாகத்தான் சொன்னார். "எத்தன தடவ சொல்றது?"

வாய்மொழிக்கு மதிப்பில்லை, காகிதம் கிடைத்தால் அடுத்த விசாரணையில் பார்க்கலாம் என்று அந்த அம்மா எழுதிக்கொண்டார். அதுவரை அவர் வீட்டைத் தொடமாட்டார்கள். தொடுவதற்கு அதில் யானை மிச்சம் வைத்தது கொஞ்சம்தான்.

மறுநாள் ஆறரைக்கு விசில் அடித்தது.

அவர் பேரையும் எழுதச் சொல்லி நான் எத்தனையோ தடவை கெஞ்சினேன். ஒத்துக்கொள்ளவில்லை. "கூப்பிடுறவன் தன் பேரைக் கூப்பிட்டா, யாரு தம்பி பதில் சொல்றது?" என்று கேட்டார். சரி போங்க என்று நானே ஒரு தாளில் ஊர்ப் பேர் முழுக்க எழுதினேன். முதலில் அவர் பேர். கவரில் போட்டு, அதே முகவரி எழுதி, மாதாமாதம் எங்கள் பக்கத்துக் கடைவீதிக்கே போய்ப் போட்டேன். சேட்டன் கடையில் நிறுத்துவதை விட்டுவிட்டேன். தேதி தாண்டிய கவரால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று எனக்கும் தெரியும். மாதம் இரண்டு கவர் வர ஆரம்பித்ததும் அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஒன்றும் கேட்காமல் இரண்டையும் பெட்டியில் வைத்தார்.

அடுத்த ஆனி மழையில் ஒருநாள் காலை விசில் கேட்கவில்லை. நான் ஏழு மணி வரை நன்றாகத் தூங்கினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

இறப்புச் சான்றிதழ் வாங்க நான்தான் போனேன். எங்கே இறந்தார் என்று கேட்டார்கள். இரட்டைக்கல் என்றேன். ரேஷன் பதிவில் லயம் என்று இருக்கிறதே, இரட்டைக்கல்லில் இருந்தவர்கள் பட்டியலில் பேர் இல்லையே என்றார்கள். நான் போட்ட கவர்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு மறுபடி போனேன். இந்தப்பக்கத்து முத்திரை, உள்ளே முதல் பேர். எழுத்தர் இரண்டு தடவை படித்துவிட்டு, சரி என்றார். அவர் பேரும் இரட்டைக்கல் என்ற பேரும் சேர்ந்து அச்சான அரசாங்கக் காகிதம் அது ஒன்றுதான். அதை ஊர்ப் பொதுமக்களுக்கு என்று எழுதிக் கோயில் பெட்டியில் வைத்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், ஆறரைக்கு விசிலை நான் எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை. ஊதினேன். எல்லாரும் குடத்தோடு வந்து நின்றார்கள். எனக்கு அவரைப்போல மனப்பாடம் கிடையாது. அந்த மாதத்துக்கு எழுதி வைத்திருந்த தாள் பையில் இருந்தது, அதைப் பிரித்து முதல் பேரை வாசித்துவிட்டேன்.

வாசித்த பிறகுதான் அது யார் பேர் என்று உறைத்தது. குழாயில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

என் மனைவி குடத்தைக் கீழே வைத்தாள். அந்தக் கணுக்கால் அவளுக்கு இன்னும் சரியாக ஊன்ற வராது.

"இருக்காருங்க" என்றாள்.

ஆளுக்காக ஆள் சொல்லக்கூடாது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவர் பேருக்கு நேரே ஒரு வருகைக் கோடு போட்டுவிட்டு, அடுத்த பேரைக் கூப்பிட்டேன்.